மாசிலாமணி அண்ணாவின் இரைச்சல் மெஷின்

"மேடம், காது இரைச்சலுக்கு எந்தச் சத்தம் நல்ல மருந்து?" போன வாரம் போன்ல நீங்க கேட்ட கேள்வி இதுதான். முப்பத்திரண்டு வருஷம் இந்த ஆடியாலஜி டிபார்ட்மெண்ட்ல குப்பை கொட்டினவ, ரிட்டயர் ஆகி வீட்ல கீரை ஆஞ்சுக்கிட்டு இருக்கா, வந்து இங்க வேலை பாக்கிற எங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லட்டும்னு நினைச்சிருப்பீங்க. நல்ல வார்த்தை என்கிட்ட எப்பவுமே கொஞ்சம் கம்மி. இதோ உங்க பின்னாடி சுவர்ல ஒரு சார்ட் தொங்குதே, மூணு கலர்ல மூணு கோடு, அதுல பச்சைக் கோடு மத்த ரெண்டையும் விட நல்லா கீழ இறங்குதே, அது என் கையால போட்ட கோடு. கீழ இறங்கினா நோயாளிக்கு அவஸ்தை குறையுதுன்னு அர்த்தம். அதைப் பாத்துத்தான் நீங்க இன்னைக்கும் வர்றவங்களுக்கு இரைச்சல் மெஷின் எழுதித் தர்றீங்க. அந்தப் பச்சைக் கோட்டுக்குள்ள ஒரு மனுஷன் இருக்காரு. அவரைப் பத்தித்தான் பேச வந்தேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னாடி இங்க மூணு வைத்தியத்தை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பாக்கிற வேலை நடந்துச்சு. வெளியில ஒரு சத்தமும் இருக்காது, அவங்க காதுக்குள்ள மட்டும் வருஷக்கணக்கா 'ஙொய்'னு கேட்டுக்கிட்டே இருக்கும், அப்படிப்பட்டவங்களுக்கு. ஒரு கூட்டத்துக்குச் சாதாரண காது மெஷின். இன்னொரு கூட்டத்துக்கு ஹெட்போன்ல பாட்டு. அவங்க இரைச்சல் எந்த சுருதியோ அதை மட்டும் வடிகட்டி எடுத்துட்ட பாட்டு. மூணாவது கூட்டத்துக்கு இரைச்சல் மெஷின். ரெண்டு காதுலயும் மாட்டிக்கிட்டா 'ஷ்ஷ்ஷ்'னு ஒரே சீரா ஒரு சத்தம் வரும், உள்ள கேக்கிறது அதுல கொஞ்சம் கொஞ்சமா அமுங்கும். தினம் ஆறு மணி நேரமாவது போடணும், ஆறு மாசம். மாசம் ஒரு தடவை வந்து இருபத்தஞ்சு கேள்விக்குப் பதில் சொல்லணும்.

யாருக்கு எதுன்னு நாங்க முடிவு பண்ணக் கூடாது. ஒட்டின கவர் இருக்கும், நோயாளி முன்னாடி பிரிக்கணும், உள்ள என்ன எழுதியிருக்கோ அதுதான். அந்தக் கவரைப் பிரிக்கும்போது சில பேர் சாமி கும்பிடுவாங்க.

மாசிலாமணி அண்ணா கும்பிடல. கைகட்டி நின்னாரு. வயசு அறுபத்தி மூணு. கோலார் தங்கவயல்ல பூமிக்கு அடியில இருபத்தாறு வருஷம் டிரில் மெஷின் புடிச்சவரு. சுரங்கம் மூடினதும் பெங்களூருக்கு வந்து ஒரு அபார்ட்மெண்ட்ல செக்யூரிட்டி வேலை பாத்தாரு, காது இரைச்சல் தாங்காம அதையும் விட்டுட்டு ஜீவனஹள்ளியில மக வீட்ல இருந்தாரு. மக பேரு எஸ்தர், ஒரு ஸ்கூல்ல ஆபீஸ் வேலை. அவதான் கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்தா. நானும் தங்கவயல்ல சுரங்கக்காரங்க லைன் வீட்ல பொறந்தவள்னு தெரிஞ்சதும் அவரு முகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு. "அட, நம்ம ஊரு பொண்ணா? அப்போ கவலையே இல்லம்மா." என் வாயும் தன்னால ஊர்ப் பேச்சுக்குப் போயிடுச்சு. "எல்லாம் சரியாப் பூடும்ணா"ன்னு சொன்னேன். கவர்ல இரைச்சல் மெஷின் வந்துச்சு.

முதல் நாள் கேள்வித்தாளுக்கு எஸ்தர் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தா. "இரைச்சலால் உங்களுக்குக் கோபம் வருதா?"ன்னு நான் கேக்க, அவரு "இல்லம்மா"ன்னு சொல்ல, இவ குறுக்க பாய்வா: "என்னப்பா இல்லைங்கிற? நேத்துதான் தட்டை விட்டெறிஞ்சியே!" அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு "ஆமாம்மா, போடு"ம்பாரு. இப்படியே இருபத்தஞ்சு கேள்வியும். மார்க் ரொம்ப மேல வந்துச்சு, அதாவது ரொம்ப அவஸ்தை.

எங்க பெரிய டாக்டர் அதைக் கவனிச்சிட்டாரு. எனக்கு இந்தத் தொழில்ல பாதிக்கு மேல கத்துக் கொடுத்தவர் அவர்தான், பேரு வேண்டாம். "நோயாளி வாயால வர்ற பதில் மட்டும்தான் கணக்கு. கூட வந்தவங்க வெளியில இருக்கணும்." நியாயமான பேச்சுதான். நான்தான் சொன்னதைச் சொன்னபடி செய்யற ஜாதியாச்சே. அடுத்த மாசத்திலிருந்து எஸ்தர் வெளி பெஞ்ச்ல.

மார்க் சரசரன்னு இறங்கிச்சு. தூக்கம் வருதா? நல்லா வருதும்மா. மனசு சோர்ந்து போகுதா? இன்னாத்துக்கும்மா சோர்வு, நல்லா கீறேன். மெஷினுக்குள்ள எத்தனை மணி நேரம் போட்டாங்கன்னு பதிவாகும் இல்ல, அதைக் கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாத்தேன். தினம் எட்டு மணி நேரம். ஒரு நாள் கூட ஏழே முக்கால் இல்ல, எட்டே கால் இல்ல. எனக்குச் சந்தோஷம்னா அப்படி ஒரு சந்தோஷம். "எப்படிண்ணா இவ்ளோ கரெக்டா?"ன்னு கேட்டேன். "ஏழு மணிக்கு மாட்டுவேன், மூணு மணிக்குக் கழட்டுவேன். ஷிப்ட்டு மாதிரிம்மா"ன்னாரு. நான் சிரிச்சேன். மத்த நோயாளிங்ககிட்ட எல்லாம் அவரைப் பத்திப் பெருமையடிச்சேன்.

இந்த இடத்துல என்னை நானே அறைஞ்சுக்கணும். ஏன்னா எங்க அப்பாவும் சுரங்கத்துலதான் வேலை. மெடிக்கல் செக்கப் வருதுன்னா ரெண்டு நாள் முன்னாடியே பீடியை நிறுத்திடுவாரு, வெந்நீரா குடிப்பாரு, டாக்டர் முன்னாடி இருமலை முழுங்கிக்கிட்டு நிப்பாரு. காது டெஸ்ட்டுக்கு டாக்டர் பின்னாடி நின்னு மெதுவா நம்பர் சொல்லுவாரு. முன்ன போயிட்டு வந்தவன் அந்த நம்பரை வரிசையில நிக்கிறவங்களுக்கெல்லாம் சொல்லிடுவான். எங்க லைன் வீடுகள்ல அத்தனை ஆம்பளைங்களும் இதே கதைதான். எங்க அன்ஃபிட்னு எழுதிடுவாங்களோன்னு பயம். டாக்டர்னு ஒருத்தர் பேப்பரை வெச்சுக்கிட்டுக் கேள்வி கேட்டா, "நல்லா கீறேன்"ங்கிறதைத் தவிர வேற பதில் அவங்களுக்குத் தெரியாது. இது உலகத்துல வேற எந்த ஆடியாலஜிஸ்டுக்கும் தெரியாம இருந்திருக்கலாம். எனக்குத் தெரியும். தெரிஞ்சும், அந்த வாயால வர்ற பதில் மட்டும் போதும்னு அவர் மகளை வெளியில உட்கார வெச்சேன்.

மூணாவது மாசம் நான் டீ குடிக்கப் போகும்போது எஸ்தர் வராண்டாவுல மறிச்சா. "மேடம், ஒரே நிமிஷம். அப்பா மூணு மணிக்கு மெஷினைக் கழட்டினதும் ஒரு மாதிரி ஆயிடுறாரு மேடம். நேரா தெரு முனையில பஞ்சர் கடைக்குப் போயிடுறாரு. கடை மூடுற வரைக்கும் அங்கயே உட்கார்ந்து, பாய் டயருக்குக் காத்து அடிக்கிறதையே பாத்துக்கிட்டு இருக்காரு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வீட்லயே அடைஞ்சு கிடக்காம வெளிய போய் நாலு பேரோட உட்கார்றாருல்ல? நல்லதுதானேம்மா." சொல்லிட்டு டீக்குப் போயிட்டேன். அவ இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தா. நான் நிக்கல.

நாலாவது மாசம் பதிவு பதினாறு மணி நேரம் காட்டிச்சு. அஞ்சாவது மாசம் இருபத்திரண்டு. குளிக்கிற நேரம் தவிர கழட்டவே இல்ல மனுஷன். நாங்க கொடுக்கிற பேட்டரி அட்டை எட்டு மணி நேரக் கணக்குக்குத்தான் மாசம் முழுக்க வரும். "இன்னும் ரெண்டு அட்டை கொடும்மா, தீந்து பூடுதும்மா"ன்னு கேட்டாரு. எதுக்குன்னு கேக்காம எடுத்துக் கொடுத்தேன். ஃபைல்ல அவர் பேருக்குப் பக்கத்துல ஒரு ஸ்டார் போட்டேன். அந்த மாசம் அவர் மார்க் எத்தனைன்னு கேளுங்க. மூணு கூட்டத்துலயும் சேத்து அதுதான் ரொம்பக் கம்மி. எங்க எல்லா நோயாளியிலயும் நல்லா குணமானவர் அவர்தான்!

அப்புறம் ஒரு பந்த் வந்துச்சு. எதுக்குன்னு இப்ப ஞாபகம் இல்ல, நம்ம ஊர்ல பந்த்துக்கா பஞ்சம். பஸ் இல்ல, ஆட்டோ இல்ல, கடையெல்லாம் ஷட்டர் போட்டாச்சு, நம்ம ஓ.பி.யும் மூடியாச்சு. நான் காக்ஸ் டவுன்ல வீட்ல நிம்மதியா பீன்ஸ் நறுக்கிக்கிட்டு இருந்தேன். காலையில பத்து மணி இருக்கும், எஸ்தர்கிட்டருந்து போன்.

"மேடம், அப்பா மெஷின்ல பேட்டரி தீந்துடுச்சு. மெடிக்கல் ஷாப்பெல்லாம் மூடியிருக்கு. ஏழு மணியிலருந்து உள்ளயும் வெளியிலயும் நடந்துக்கிட்டே இருக்காரு. எனக்குப் பயமா இருக்கு மேடம்."

"நாளைக்கு முதல் ஆளா வாங்கம்மா, கவுண்ட்டர்ல தரச் சொல்றேன்."

"இன்னைக்கே ஏதாவது பண்ண முடியுமா மேடம்?"

பின்னாடி அவர் குரல் கேட்டுச்சு. "டாக்டரம்மாவை ஏன் தொந்தரவு பண்ற? வை போனை."

நான் சொன்னேன், என் வாயால சொன்னேன்: "ஒரு நாள் போடலைன்னா உயிரா போயிடும்?"

என் வீட்டு வாசக் கதவுக்குப் பக்கத்துல ஆணியில என் ஹேண்ட்பேக் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. அதுக்குள்ள ரெண்டு அட்டை பேட்டரி. வேற யாருக்கோ கொடுக்க எடுத்து வெச்சது. ஜீவனஹள்ளி என் வீட்லருந்து பத்து நிமிஷ நடை. பந்த்னாலும் நடக்கிறதுக்கு யாரும் தடை போடல. ஆனா பேட்டரியை ரிஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கிட்டுத்தான் கொடுக்கணும்னு ஒரு ரூல். ரூல் மேல பழியைப் போடறேன் பாருங்க, அதுவும் பொய்தான். எனக்குச் சோம்பல். வராது வந்த லீவு. அவ்வளவுதான்.

மத்தியானம் எஸ்தர் சோறு வடிக்கிற நேரத்துல அவரு வெளிய போயிருக்காரு. அதுக்கப்புறம் நடந்ததை பஞ்சர் கடை பாய் வாயாலயே பின்னால கேட்டேன், அவரு கடைக்கு மேல மாடியில குடியிருக்காரு. "கடையை மூடிட்டு மேல படுத்திருந்தேன் மேடம். கீழ டொக் டொக் டொக்னு ஷட்டர்ல சத்தம். பந்த்காரங்க கல்லடிக்கிறாங்கன்னு நினைச்சேன், அல்லா சத்தியமா, அதான் இறங்கல. ரொம்ப நேரம் நிக்கல அந்தச் சத்தம். ஜன்னல்ல எட்டிப் பாத்தா நம்ம பெரியவரு. கையில ஒரு கல்லு. மூணு தட்டு தட்டுறாரு, ஷட்டர்ல காதை வெச்சு கேக்கறாரு. மறுபடி மூணு தட்டு, மறுபடி காது. அழுவுறாரு மேடம். நான் படி இறங்கி வர்றதுக்குள்ள அப்படியே சாஞ்சுட்டாரு."

ஹார்ட் அட்டாக். சுகர், பி.பி. எல்லாம் இருந்த மனுஷன். ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.

மறுநாள் காலையில எஸ்தர் போன் பண்ணிச் சொன்னா. ஓன்னு அழுதிருக்கணும் நான். அழல. டிபார்ட்மெண்டுக்குப் போனேன், ஆய்வுல இருக்கிற ஒருத்தர் இறந்தா நிரப்ப வேண்டிய ஃபாரம் ஒண்ணு இருக்கு, அதை எடுத்தேன். 'இறப்புக்கும் சிகிச்சைக்கும் தொடர்பு உண்டா?' பக்கத்துல ரெண்டு கட்டம். 'இல்லை'ங்கிற கட்டத்துல டிக் போட்டேன். பேனா கொஞ்சம் கூடத் தயங்கல. அடக்கம் தங்கவயல்லன்னு சொன்னாங்க. வேலை இருக்குன்னு போகல.

ரெண்டு வாரம் கழிச்சு எஸ்தர் வந்தா. கர்ச்சீப்புல முடிஞ்சு ரெண்டு மெஷினையும் கொண்டு வந்திருந்தா. ஆஸ்பத்திரி பொருளாச்சே, திருப்பித் தரணுமே. அன்னைக்குக் கேள்வித்தாள் இல்ல, அதனால அவளை உள்ள விட்டேன். அஞ்சு மாசத்துல அன்னைக்குத்தான் அவ பேசினா, நான் கேட்டேன்.

"அடக்கத்துக்கு அப்பாகூட வேலை செஞ்சவங்கல்லாம் வந்திருந்தாங்க மேடம். அவங்க சொல்லித்தான் எனக்கே தெரியும். அப்பா இதைப் பத்தி வீட்ல வாயே திறந்ததில்ல. நான் பொறக்கிறதுக்கு முன்னாடி கீழ பாறை வெடிச்சு சரிஞ்சதாம். அப்பாவோட ஜோடியா வேலை செஞ்சவரு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டாராம். டிரில் மெஷினுக்குக் காத்து வர்ற பைப்பு ஒண்ணு மட்டும் உடையாம பாறைக்குள்ள போகுது. அவரு மூச்சு விடட்டும்னு அதைத் திறந்து விட்டுட்டு, அப்பாவை அது பக்கத்துல உட்கார வெச்சிருக்காங்க. அப்பா பைப்புல மூணு தட்டு தட்டணும். உள்ளருந்து பதிலுக்கு மூணு தட்டு வந்தா அவரு உயிரோட இருக்காருன்னு அர்த்தம். ஒரு ஷிப்ட்டு பூரா வந்திருக்கு. அப்புறம் நின்னு போச்சு. அப்பா மட்டும் தட்டிக்கிட்டே இருந்தாராம். பைப்புல காத்து மட்டும் ஷ்ஷ்னு போய்க்கிட்டே இருந்துச்சாம். கடைசியில, போதும், மூடிடுன்னு சொல்லியிருக்காங்க. வால்வை அப்பாதான் மூடினாரு மேடம்."

அவ கர்ச்சீப்பை அவுத்து மெஷினை மேஜை மேல வெச்சா. "முதல் நாள் இதை மாட்டிக்கிட்டு வந்ததுமே, இது ஏர் பைப் சத்தம்டின்னு சொன்னாரு. எனக்குப் புரியல. அப்படின்னா வேண்டாம்ப்பா, மேடம்கிட்ட சொல்லிடலாம்னேன். வேண்டாம், நம்ம ஊரு பொண்ணு, கவர் பிரிச்சுக் கொடுத்திருக்கா, சொன்னா அதுக்குக் கெட்ட பேருன்னு தடுத்துட்டாரு. உங்ககிட்ட அதைச் சொல்லத்தான் மேடம் அன்னைக்கு வராண்டாவுல நின்னேன்."

தினம் மூணு மணிக்கு அந்த மனுஷன் வால்வை மூடியிருக்காரு, என் உத்தரவுல. மூட மனசில்லாமத்தான் பஞ்சர் கடைக் காத்துச் சத்தம், பதினாறு மணி நேரம், இருபத்திரண்டு மணி நேரம். அதுக்கு நான் ஸ்டார் போட்டிருக்கேன். எஸ்தர் என்னைத் திட்டுவான்னு எதிர்பார்த்தேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். "மெஷின் ரெண்டும் சரியா இருக்கான்னு பாத்துக்கோங்க மேடம்"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டா.

அன்னைக்கே பெரிய டாக்டர்கிட்ட போனேன். எல்லாத்தையும் சொன்னேன், அந்த டிக்கை மாத்தணும்னேன். அவரு கெட்டவரில்ல, பொறுமையா கேட்டாரு. "செத்தது ஹார்ட்ல. மெஷினாலதான்னு உன்னால நிரூபிக்க முடியுமா?" முடியாதுன்னேன். "அப்போ உன் குற்ற உணர்ச்சியைக் கொண்டு வந்து ஃபாரத்துல எழுதாதே." எனக்கு அந்தப் பதில் சௌகரியமா இருந்துச்சு. புடிச்சுக்கிட்டேன். நடுவுல விட்டுப் போறவங்களுக்குக் கடைசியா எடுத்த மார்க்கையே கணக்குல வெச்சுக்கணும்ங்கிறது அந்த ஆய்வோட ஏற்பாடு. அவர் கடைசி மார்க் உங்களுக்குத் தெரியும். அதையும் சேத்துத்தான் அந்தப் பச்சைக் கோட்டைப் போட்டேன்.

இரைச்சல் மெஷின் விஷம்னு சொல்ல வரல. அதைப் போட்டு ராத்திரி நிம்மதியா தூங்கினவங்களை நான் பாத்திருக்கேன். ஒரு பஸ் டிரைவருக்கு வெறும் காது மெஷினே போதுமா இருந்துச்சு, ஒரு டீச்சரம்மாவுக்கு அந்த வடிகட்டின பாட்டு. ஒருத்தருக்குத் தாலாட்டா இருக்கிற சத்தம் இன்னொருத்தருக்கு என்னவா இருக்கும்னு நம்ம இருபத்தஞ்சு கேள்வியில ஒரு கேள்வி கூடக் கிடையாது. "இந்தச் சத்தம் உங்களுக்கு எதை ஞாபகப்படுத்துது?" அஞ்சு வார்த்தை. நான் கேட்டிருந்தாலும் அவரு "ஒண்ணும் இல்லம்மா"ன்னுதான் சொல்லியிருப்பாரு. சொல்றதுக்கு வேற ஒருத்தி இருந்தா. அவளை நான் பெஞ்ச்ல வெச்சிருந்தேன். அதனால எது பெஸ்ட்னு என்கிட்ட கேக்காதீங்க.

இன்னைக்குக் காலையில இங்க வர்றதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரி எத்திக்ஸ் கமிட்டி ஆபீசுக்குப் போய், இப்ப உங்ககிட்ட சொன்னதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன். அந்தக் கட்டத்தை மாத்துவாங்களோ, சார்ட்டைக் கழட்டுவாங்களோ, இல்ல என் பென்ஷனுக்குத்தான் ஏதாவது வருமோ, தெரியாது. பதினோரு வருஷம் லேட். எஸ்தருக்கும் ஒரு காப்பி அனுப்பியிருக்கேன். அவ அதைப் படிப்பாளா, கிழிச்சுப் போடுவாளா, அது அவ இஷ்டம்.

உள்ள வரும்போது பாத்தேன், அந்த பெஞ்ச் இன்னும் அதே இடத்துலதான் கிடக்கு. பச்சைச் சேலை கட்டின ஒரு அம்மா மடியில ஃபைலை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. வீட்டுக்காரரு உள்ள கேள்வித்தாளுக்குப் பதில் சொல்லிட்டு இருக்காராம், அவங்களை வெளிய இருக்கச் சொன்னாங்களாம். எத்தனை மாசமா வர்றீங்கன்னு கேட்டேன், நாலுன்னாங்க. ஏதாவது சொல்லணுமான்னு கேட்டேன். ஆமான்னு எழுந்தே நின்னுட்டாங்க. நான் ரிட்டயர் ஆனவ, என்கிட்ட சொல்லிப் பிரயோஜனம் இல்ல.

அவங்க இன்னும் அங்கதான் நிக்கிறாங்க. யாராவது போய்க் கதவைத் திறங்க.